பத்தடியில் நின்றவர்

அழகிரி தெருமுனையில் தலையைக் காட்டினாலே வீடுகளில் ரேடியோ நின்றுவிடும். அந்தக் காலத்தில் ரேடியோ வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும். அதைப் புதுப்பிக்காதவர்கள் தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். முக்காலியும் கம்பி வளையமும் கனமான பெட்டியுமாக ஒரு சர்க்கார் ஆள் வந்தால் வேறு எதற்கு வருவார் என்று அவர்களுக்குப் பயம். உண்மையில் அவர் வந்தது அவர்களுக்கு உதவத்தான். பாட்டுக்கு நடுவே ரேடியோ கரகரத்தால், அந்த இரைச்சலைக் கிளப்புவது எந்த மோட்டார், எந்த வெல்டிங் பட்டறை என்று தேடிப் பிடித்து, அளந்து, அளவு மீறினால் நிறுத்தச் சொல்வது அவருடைய உத்தியோகம். இப்படி ஒரு உத்தியோகம் இருப்பதே திருச்சியில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்குப் பிடிக்காது.

வையம்பட்டிப் பக்கம் மானாவாரி நிலம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். அம்மா முகம் அவருக்கு நினைவில்லை. அக்கா பொன்னுத்தாய்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். அவளுக்குக் கல்யாணமானபோது சீரோடு சீராகத் தம்பியையும் கூட்டிக்கொண்டுதான் அரியமங்கலத்துக்கு வந்து சேர்ந்தாள். மாப்பிள்ளை மருதை அங்கே ஒரு பட்டறையில் மோட்டார் காயில் சுற்றுகிறவர். இன்னொருவராக இருந்தால் முகம் சுளித்திருப்பார். மருதையோ அதையே ஒரு வேடிக்கையாக்கி ஆயுசு பூராவும் சொல்லிச் சிரித்தார்.

"எங்க மாமனார் வீட்டுல ஒரு பித்தளை அண்டா குடுத்தாங்க, கூடவே ஒரு பையனையும் குடுத்தாங்க. அண்டா ஓட்டையாப் போச்சு. பையன் நல்லாத்தான் இருக்கான்."

அந்தப் பையனைப் படிக்க வைத்ததும் அவர்தான். பள்ளிக்கூடம் முடித்து, மெட்ராஸில் ஒயர்லெஸ் பயிற்சியும் முடித்து, அழகிரி ஐம்பத்து நாலில் திருச்சியிலேயே வேலைக்கு வந்தார். அதே வருஷம் மருதையும் பட்டறையை விட்டுவிட்டு ஸ்ரீரங்கத்தில் வடக்கு வாசல் பக்கம் சொந்தமாக ஒரு பாட்டரி சார்ஜ் கடை போட்டார். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் பல ஊர்களுக்கு அப்போது கரண்ட் கிடையாது. பஞ்சாயத்து ரேடியோக்கள் பாட்டரியில்தான் பாடின. பாட்டரி இறங்கிப் போனால் பஸ் மேலே ஏற்றி மருதை கடைக்கு அனுப்புவார்கள். கடையில் ஒரு மோட்டாரையும் டைனமோவையும் ஒரே தண்டில் இணைத்து வைத்திருந்தார். காலையில் ஓட ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை ஓடும். கடைக்குப் பின்னால் வீடு.

அந்த வீட்டில் அழகிரிக்கு யாரும் இலை போட்டுச் சாப்பாடு போட்டது கிடையாது. வருவார், செருப்பை உதறிவிட்டு நேரே அடுப்படிக்குப் போவார், ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்ப்பார். "கையைக் கழுவினியாடா? தட்டை எடுத்துக்கிட்டு உட்காருடா" என்று பொன்னுத்தாய் கரண்டியை ஓங்குவாள். மருதையின் ஒரே மகள் அமிர்தம், மாமா தோளில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். அழகிரி அப்போது புத்தூரில் அறை எடுத்துத் தனியாகத்தான் இருந்தார். ஆனாலும் உலகத்தில் அவருக்கு வீடு என்று இருந்தது இந்த ஒன்றுதான்.

இங்கே அவருடைய வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது.

ஒரு மெஷின் இவ்வளவுதான் இரைச்சலைப் பரப்பலாம் என்று விதி இருந்தது. அந்த அளவு, மெஷினிலிருந்து நூறடி தள்ளி நின்று அளந்தால் எவ்வளவு வர வேண்டும் என்பதற்கானது. நூறடியில் மீட்டர் முள் பத்தைத் தாண்டக் கூடாது. விதி எழுதினவர்கள் திறந்தவெளியை மனதில் வைத்து எழுதினார்கள். சுவரோடு சுவர் ஒட்டிய ஸ்ரீரங்கத்து வீதியில் நூறடிக்கு எங்கே போவது? எதிர்வீட்டைத் துளைத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனாலும் காணாது. வீதியோடு நீள நடந்தாலோ, தலைக்கு மேல் ஓடுகிற கரண்ட் கம்பி அளவைக் கெடுத்துவிடும். அதனால் பத்தடியில் முக்காலி மேல் கம்பி வளையத்தை நிறுத்தி, அது பிடிக்கிற இரைச்சலை அளந்து, தூரம் பத்து மடங்கு குறைவு என்பதால் வந்த எண்ணைப் பத்தால் வகுத்து எழுதுவது வழக்கம். ஆபீஸில் கொடுத்திருந்த குறிப்பும் அதையே சொன்னது.

ஆனால் மீடியம் வேவ் போன்ற குறைந்த அலைவரிசையில் மெஷினுக்குப் பக்கத்தில் அந்தக் கணக்கு நிற்காது. விறகடுப்பு அனல் மாதிரிதான். முன்னால் நின்றால் முகத்தைச் சுடும், நாலு எட்டு தள்ளிப் போனால் ஒன்றுமே இருக்காது. தூரம் இரட்டித்தால் பாதியாகக் குறைய வேண்டியது எட்டில் ஒன்றாகக்கூடக் குறைந்துவிடும். இது அழகிரிக்குத் தெரியும், அவருக்கு மேலே இருந்த இன்ஜினியருக்கும் தெரியும். "சந்தேகமா இருந்தா இருபதடியில இன்னொரு தடவை எடுங்க. எப்படி இறங்குதுன்னு பாத்து எழுதுங்க. அது உங்க இஷ்டம்" என்று அவர் சொல்லியே வைத்திருந்தார். புத்தூரில் ஒரு மாவு மில்லுக்கு அழகிரி அப்படித்தான் செய்தார். பத்தடியில் முள் பயமுறுத்தியது. இருபதடிக்கு நடந்து போய் அளந்தபோது மளமளவென்று இறங்கிவிட்டது. மில் தப்பியது. மில்காரர் யாரோ எவரோ.

ஐம்பத்தேழில் வடக்கு வாசல் தெருவிலிருந்து ஒரு மனு வந்தது. விடியற்காலைப் பாசுரமும் சாயங்காலக் கச்சேரியும் கேட்க முடியவில்லை, மருதை என்பவரின் சார்ஜ் கடைதான் காரணம் என்று தெருக்காரர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். விடியற்காலையில் அந்தக் கடை திறப்பதே இல்லை. அதை யாரும் யோசிக்கவில்லை. அழகிரியும் யோசிக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத கோபம். வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று இன்ஜினியரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் உறவுக்காரனுக்காக நழுவுகிறான் என்று பேசுவார்களே என்று அவரே கிளம்பினார்.

கூட வந்தவர் உதவியாளர் தைரியராஜ். பாலக்கரைக்காரர், வாயில் வந்ததைச் சொல்லிவிடுகிற நல்ல மனுஷர். இருவரும் பெட்டியோடு கடை வாசலில் இறங்கியதும் மருதை ஓடி வந்தார்.

"வாங்க மாப்ளே! வாங்க சார்! உள்ள காபி போடச் சொல்லியிருக்கேன்."

"வேண்டாம் மச்சான். டூட்டியில இருக்கேன்."

"எங்க வீட்டுக் காபியில லஞ்சமா கலந்திருக்கு? சர்க்கரைதான் மாப்ளே!"

மருதை சிரித்தார், தைரியராஜும் சிரித்தார். அழகிரி சிரிக்கவில்லை. தெருக்காரர்கள் நாலைந்து பேர் அதற்குள் கூடிவிட்டிருந்தார்கள். அவர்கள் கண் தன் முதுகில் இருப்பது அவருக்குத் தெரிந்தது. கதவருகே காபி டம்ளரோடு வந்த அக்காவை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வளையத்தைப் பத்தடியில் நிறுத்தினார், காதில் ஹெட்போனை மாட்டினார், மெஷினை ஓட்டச் சொன்னார். முள் நூற்றெண்பதில் போய் நின்றது. பத்தால் வகுத்தால் பதினெட்டு.

தைரியராஜ் முக்காலியைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். "சார், இருபதடியிலயும் ஒண்ணு எடுத்துடலாம். புத்தூர் மில்லுல எடுத்தோமே?"

"வேண்டாம், வைங்க."

"ஏன் சார்? தெருவுல இடம் இருக்கே."

"என் மச்சான் கடைங்கறது எல்லாருக்கும் தெரியும். சலுகை காட்டினேன்னு நாளைக்கு ஒருத்தனும் பேசக்கூடாது. பத்தடியோட போதும்."

இதை அவர் மெல்லச் சொல்லவில்லை. தெருக்காரர்கள் காதில் விழட்டும் என்றே சொன்னார். மருதை காதிலும் விழுந்தது.

நேர்மையில் ஒரு ரகம் உண்டு. பார்க்கிறவர்களுக்காகச் செய்கிற நேர்மை. தனக்கு வேண்டியவன் தலையில் இரண்டு குட்டு அதிகமாக வைத்துவிட்டு, பார்த்தாயா நான் எவ்வளவு சுத்தம் என்று நிமிர்ந்து நிற்கிற நேர்மை. நம் ஊரில் அதற்கு மதிப்பு அதிகம். வாத்தியார் மகனுக்கு வாத்தியாரிடம் கிடைக்கிற அடியைப் பார்த்திருப்பீர்கள். இன்ஜினியர் ஆபீஸில் எல்லோர் எதிரிலும் அழகிரியைப் பாராட்டினார். அந்தப் பாராட்டு அவருக்கு இனித்தது, பொய் சொல்வானேன்.

இனி அந்த மெஷின் வடக்கு வாசலில் ஓடக் கூடாது என்று உத்தரவாயிற்று. மருதை கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கொடுமை. "நம்ம பையன் நெருப்பு பாத்தியா! நம்மளையே விடல" என்று கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் பெருமையாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே மெஷினைப் பெயர்த்து வண்டியில் ஏற்றினார். கொள்ளிடக் கரையில் ஒரு வாழைத்தோப்பில் பம்ப்செட்டுக்குக் கரண்ட் இருந்தது. தோப்புக்காரர் சின்னையன் இரக்கப்பட்டு ஓரமாக இடம் கொடுத்தார். நாலு கம்பத்தில் தகரம் வேய்ந்து மெஷினை அங்கே வைத்தார்கள். பஸ் நிற்கிற இடத்திலிருந்து அமில பாட்டரிகளைத் தோளில் சுமந்துகொண்டு வரப்பிலும் மணலிலும் மருதை நடந்தார். வேட்டியெல்லாம் அமிலம் பட்டுப் பொத்தல். தோள் புண்ணாயிற்று. வாடிக்கை பாதியாகக் குறைந்தது.

அழகிரி அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. பொன்னுத்தாயும் எதுவும் கேட்கவில்லை. சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். கரண்டியை ஓங்குவது மட்டும் நின்றுவிட்டது. அவள் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றும்.

ஒருநாள் ஆபீஸில் தைரியராஜ் பேச்சுவாக்கில் சொன்னார்: "சார், வடக்கு வாசல் தெருவுல இன்னும் அதே கரகரப்பு இருக்காம். மனு குடுத்தவரு பஸ்ல பாத்துச் சொன்னாரு. போஸ்ட்ல ஏதோ ஒயர் லூஸா ஆடுதாம்."

அழகிரி கோப்பிலிருந்து நிமிரவில்லை. "ரெண்டும் சேந்து இருந்திருக்கும்" என்றார். உடனே ஸ்ரீரங்கத்துக்குப் போய் மறுபடி அளந்திருக்கலாம். என் கணக்கு தப்பாக இருக்கலாம், மெஷினைத் திரும்பக் கொண்டு வாருங்கள் என்று மச்சானிடம் சொல்லியிருக்கலாம். அதற்கு ஆபீஸில் போய் முதலில் தலைகுனிய வேண்டும். அதுவும் உறவுக்காரனுக்காகத் தலைகுனிய வேண்டும். தீபாவளி போகட்டும் என்று இருந்தார். பிறகு பொங்கல் போகட்டும் என்று இருந்தார். அப்புறம் ஆடி வந்தது.

அந்த வருஷம் கொள்ளிடத்தில் தண்ணீர் கரை தட்டிப் போயிற்று. தோப்புக்குள் முழங்காலளவு ஏறியபோது, மெஷின் நனைந்தால் பிழைப்பு போயிற்று என்று மருதை தகரக் கொட்டகைக்குள் இறங்கினார். மெயினை அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். மோட்டார் காயிலையே சுற்றிப் பிழைத்த மனுஷன், கரண்டின் குணம் தெரிந்தவர், ஈரக் கையை வைத்துவிட்டார். சின்னையன் ஓடிப்போய்ப் பார்த்தபோது மருதை மெஷினைக் கட்டிப்பிடித்த மாதிரி சாய்ந்து கிடந்தார்.

பொன்னுத்தாய் அழுதாள், தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அழகிரி பக்கம் திரும்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் எல்லோரும் ஆற்றைத் திட்டினார்கள், கரண்டைத் திட்டினார்கள், விதியைத் திட்டினார்கள். காரியங்கள் எல்லாவற்றையும் அழகிரிதான் முன்னின்று செய்தார். கூலியாள் மாதிரி ஓடியாடிச் செய்தார். உட்கார்ந்தால் யோசனை வந்துவிடும் என்ற பயம்.

வெள்ளம் வடிந்ததும் சின்னையன் மெஷினைக் கழற்றிக் காயவைத்து எடுத்து வைத்தார். பங்குனியில் அரியமங்கலத்திலிருந்து ஒருவர் அதை வாங்கிக்கொள்ள வருவதாக ஏற்பாடு. ஓடுகிறதா என்று முன்னதாகப் பார்த்துவிட வேண்டும் என்று பொன்னுத்தாய் தம்பிக்குச் சொல்லி அனுப்பினாள். சமயபுரத்தில் ஒரு வேலை முடித்துக்கொண்டு திரும்புகிற வழியில் அழகிரி வந்தார். அளக்கிற பெட்டியும் கையோடு இருந்தது.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கொள்ளிடம் எலும்பும் தோலுமாக எங்கோ ஒரு ஓரத்தில் ஓடிற்று. கொட்டகைக்கு முன்னால் கண்ணெட்டிய மட்டும் வெறும் மணல். அழகிரி ஒயரைப் பூட்டினார், ஸ்விட்சைப் போட்டார். மெஷின் ஒருதரம் முனகிவிட்டு ஓட ஆரம்பித்தது. பொன்னுத்தாய் வாழைக்கன்று ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் பார்வை மெஷின் மேல்தான் இருந்தது.

வேலை அதோடு முடிந்தது. அவர் ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆனால் கை பெட்டியைத் திறந்தது. வளையத்தைப் பத்தடியில் நிறுத்தினார். நூற்றெண்பதுக்குப் பக்கத்தில்தான் வந்தது; மெஷின் மாறவில்லை. முக்காலியைத் தூக்கிக்கொண்டு இருபதடிக்குப் போனார். இருபத்திரண்டு. அங்கேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் டேப்பைப் பிடித்துக்கொண்டு மணலில் கால் புதைய நடந்தார். வழியில் சுவர் இல்லை, வீடு இல்லை, பார்ப்பதற்குத் தெருக்காரர்களும் இல்லை. விதியில் எழுதியிருக்கிற அதே நூறடி. ஹெட்போனில் ஆற்றங்கரைக் காற்றுக்கு இருக்கிற உயிர்கூட இல்லை. முள் படுத்துக் கிடந்தது. மீட்டரைத் தட்டிப் பார்த்தார். வளையத்தைத் திருப்பிப் பார்த்தார். முள் எழுந்திருக்கவில்லை.

அவர் திரும்பி வரும்வரை பொன்னுத்தாய் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னடா சொல்லுது உன் பெட்டி?"

ஏதாவது சொல்லியிருக்கலாம். பெட்டி ரிப்பேர், வெள்ளத்தில் நனைந்ததால் மெஷின் மாறிப்போச்சு என்று எதையாவது சொன்னால் அவளுக்கு என்ன தெரியப் போகிறது? நாக்கு நுனிவரை வந்தது. அக்காவின் வெறும் நெற்றியைப் பார்த்ததும் அது திரும்பிப் போய்விட்டது.

"முள்ளு அசையலக்கா."

"அப்படின்னா?"

"மெஷின்ல தப்பில்லக்கா. கடையிலயே இருந்திருக்கலாம்."

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அதை அணைக்க இருவருக்குமே தோன்றவில்லை.

"அன்னிக்கு இது தெரியாதா?"

"தெருவுல நூறடிக்கு இடம் இல்லியேக்கா."

"இருபதடிக்கு இருந்துச்சில்ல?"

அழகிரி அவளைப் பார்த்தார்.

"உன் மச்சான் அன்னிக்கே வந்து சொன்னாரு. அந்தப் பாலக்கரைத் தம்பி கேட்டுச்சாமே, இருபதடியில எடுக்கலாம்னு. நீ வேண்டாம்னியாமே. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. என் மாப்ள எவ்வளவு கறாரு பாருன்னாரு. ஊரான் மில்லுக்கு இருபதடி நடந்தேடா. எங்களுக்குன்னா பத்தடியிலயே நின்னுட்டே."

"உங்க மெஷின்ங்கறதாலதான்க்கா..."

"தெரியும்டா" என்றாள் பொன்னுத்தாய். "அதான்டா என்னால பொறுக்க முடியல."

எழுந்து, சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு தோப்பு வழியே போனாள். கூப்பிட்டால் நின்றிருப்பாளோ என்னவோ. அவர் கூப்பிடவில்லை. மெஷினை அணைத்துவிட்டு, இருட்டும்வரை கொட்டகையில் உட்கார்ந்து அழுதார்.

அதற்குப் பிறகு அழகிரியைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய ஒரு பழக்கம் தெரியும். எங்கே போனாலும் பத்தடியோடு நிற்க மாட்டார். இருபது, நாற்பது, சந்து பொந்து எல்லாம் நுழைந்து, அடுத்தவர் கொல்லையில் கெஞ்சி இடம் வாங்கி, எட்டின மட்டும் நடப்பார். "சாருக்கு வளையத்தைக் கையில குடுத்தா ராமேஸ்வரம்வரைக்கும் போவாரு" என்று ஆபீஸில் கேலி. குறைந்த அலைவரிசைக்கு இனி எல்லோரும் இரண்டு தூரத்திலாவது அளந்தே எழுத வேண்டும் என்று அந்த ஆபீஸில் இன்ஜினியர் வழக்கத்தை மாற்றினார். அழகிரி எடுத்துக் காட்டியதுதான் அதற்குக் காரணம் என்று இந்தத் தடவையும் எல்லோர் எதிரிலும் பாராட்டினார். அழகிரி தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

அக்கா வீட்டுக்கு மட்டும் அவர் அதற்குப் பிறகு போகவில்லை. அறுபத்தாறில் அமிர்தத்துக்குக் கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் நம் வீடுகளில் கல்யாணம் ஏது? பத்திரிகை வந்தது, அவர் பெயர் எந்த இடத்தில் இருக்க வேண்டுமோ அந்த இடத்தில் இருந்தது. அழகிரி கல்யாணம் செய்துகொள்ளாத மனுஷர். இருந்ததையெல்லாம் திரட்டிப் பட்டுப்புடவை, மாலை, தட்டு தட்டாகப் பழம், எதிலும் குறை வைக்காமல் சீர் கொண்டுபோனார். போகிற வழியெல்லாம் ஒரு நினைப்பு ஓடிக்கொண்டிருந்தது. கல்யாண வீட்டுச் சமையல் நடக்கும், நேரே உள்ளே போய் மூடியைத் திறக்க வேண்டும், அவள் கரண்டியை ஓங்கினால் போதும்.

மண்டப வாசலில் சந்தனக் கிண்ணமும் கற்கண்டுத் தட்டுமாக மேசை போட்டிருந்தார்கள். விருந்தாளிகளை வரவேற்றுக்கொண்டு பொன்னுத்தாய் ஓரமாக நின்றிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. தம்பி சீர்த்தட்டோடு வருவதைப் பார்த்ததும் கை கூப்பினாள்.

"வாங்க" என்றாள். "சந்தனம் எடுத்துக்குங்க. உள்ள போய் உட்காருங்க, பந்தி போட்டதும் வந்து கூப்பிடச் சொல்றேன்."

அழகிரி சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு உள்ளே போய், நாற்காலி வரிசையில் மற்றவர்களோடு உட்கார்ந்தார்.